ஒம்பது டம்ளர் டீ

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சர்ச் ஹாலுக்குள்ள மட்டன் வாசம் வந்தப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு.

சொல்லப்போனா, அதுக்குப் பதினோரு நிமிஷம் முன்னாடியே பாதி முடிஞ்சிருந்துச்சு. அப்ப பங்குச் சாமியார் மேடையில பேசிக்கிட்டிருந்தாரு. தலைப்பு, நோன்போட மேன்மை. முன் வரிசையில பள்ளிவாசல்லேர்ந்து வந்த பதினாலு பேரு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி படாத வாய். நோன்பு திறக்க ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கையில இருந்துச்சு.

பள்ளிவாசல்லேர்ந்து பாங்கு சத்தம் கேட்டுச்சு. சாமியார் மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கிட்டாரு.

மேடையில ஒருத்தர் பேசும்போது மென்னா மரியாதையா இருக்காதுன்னு பதினாலு பேரும் காத்திருந்தாங்க. பழம் கையிலயே பிசுபிசுத்துப் போச்சு.

அப்புறம் அவங்க கொண்டு வந்த நோன்புக் கஞ்சி அண்டாவைத் திறந்தாங்க. விருந்தாளிக்குன்னு பார்த்துப் பார்த்து, வழக்கத்தை விட ரெண்டு பங்கு கறி போட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில கத்தோலிக்கர் யாரும் கறியைக் கையால தொட மாட்டாங்க. முதல் கரண்டி ஊத்தினதும் மாதா சபைப் பொம்பளைங்க சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க.

நாள் பார்த்துதான் கொண்டு வந்திருக்கானுங்கன்னு இந்தப் பக்கம் ஒருத்தர் முணுமுணுத்தாரு. நேரம் பார்த்துதான பேச்சை இழுத்தீங்கன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வந்துச்சு. அண்டா மூடினபடி ஆட்டோவுல ஏறிடுச்சு.

ஏத்திவிட்டது உபதேசியார் கிளிட்டஸ். அந்தப் பங்குல சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவரு. ஆறு மாசமா இந்தச் சமய உரையாடல் கூட்டத்தை நடத்தினதும் அவருதான்.

எல்லாம் ஒரு இரும்புக் கதவுக்காக. சர்ச் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. நாலு வருஷம் முன்னாடி சர்ச் திருவிழாச் சப்பரம் ஊர்வலமா வந்தப்போ ஸ்பீக்கர் சண்டையாகி, சந்துல கதவு போட்டு, ஆளுக்கொரு பூட்டும் போட்டுட்டாங்க. ஐஸ் கம்பெனி பள்ளிவாசல் பக்கம். கிளிட்டஸோட அம்மா மீன் விக்கிறாங்க. சந்து வழியா அஞ்சு நிமிஷத்துல போனவங்க, இப்ப ஐஸ் பெட்டியைத் தலையில வச்சு, வீங்கின முட்டியோட முக்கால் மணி நேரம் சுத்துறாங்க. வெள்ளிக்கிழமை கஞ்சி குடிச்சதும் ரெண்டு பூட்டையும் திறக்கிறதாப் பேச்சு.

வாரத்துல மூணு நாள் போற வழக்கப்படி, சனிக்கிழமை சாயங்காலம் கிளிட்டஸ் மதரஸாவுக்குப் போனாரு. அங்க பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற ஹஜ்ரத் முகைதீன்கிட்ட ரெண்டு வருஷமா அரபி படிக்கிறாரு. ஹஜ்ரத் அவரை விட அஞ்சு வயசு சின்னவரு. சின்னப் பையன்கிட்ட போய்க் கைகட்டி நிக்கிறியேன்னு தெருவுல கேலி பண்ணியிருக்காங்க. கிளிட்டஸ் சட்டை பண்ணதில்ல.

அன்னைக்கு நோட்டைத் திறக்கல. கதவைத் திறக்கிறதுக்குன்னு வாங்கி வச்சிருந்த சர்ச் பூட்டுச் சாவியைச் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துப் பாயில வச்சாரு.

ராத்திரிக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்னு சாமியார் சொல்லிட்டதாச் சொன்னாரு. தன்கிட்ட இருந்த இன்னொரு பூட்டுச் சாவியைப் பள்ளிவாசல் ஜமாஅத்துல நேத்தே வாங்கிட்டாங்கன்னு ஹஜ்ரத் சொன்னாரு.



"ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும். உங்க மார்க்கமும் எங்க வேதமும் பேசிப் பேசி ஒத்துப்போக முடியுமா?"

ஹஜ்ரத் எந்திரிச்சு மூலையில இருந்த அடுப்புல பால் வச்சாரு. இஞ்சி தட்டிப் போட்டாரு. நோன்போட இருந்தாலும், வந்தவருக்கு டீ போடாம அவரு பாடம் ஆரம்பிச்சதே இல்ல. ஒரே ஒரு டம்ளர். கிளிட்டஸ் முன்னாடி வச்சுட்டு முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டாரு.

கிளிட்டஸ் டம்ளரை எடுத்தாரு. உதடு வரைக்கும் போச்சு. கீழ வச்சுட்டாரு.

"ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு டீ வேண்டாம்."

"ஏன், சக்கரை தூக்கலா?"

"தவக்காலம் முடியிற வரைக்கும் டீ குடிக்கிறதில்லன்னு நேர்ந்திருக்கேன். தவக்காலம் ஆரம்பிச்ச சாம்பல் புதன்லேர்ந்து."

ஹஜ்ரத் விரல் விட்டு எண்ணினாரு.

"அதுக்கப்புறம் இங்க ஒம்பது டம்ளர் குடிச்சிருக்கீங்களே உபதேசியாரே."

"நீங்க நோன்பு வச்சுக்கிட்டு எனக்காகப் போடுறீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணுவேன்."

ஹஜ்ரத் சிரிச்சாரு. நல்ல சிரிப்பு இல்ல.

"எனக்கு நோன்பு ஆரம்பிச்சா சாயங்காலம் தலை பிளக்கும். டீ இல்லாத தலைவலி. அந்த இஞ்சி வாசம் மூக்குல ஏறினா கண்ணுல தண்ணியே வந்துடும். நீங்க டீப் பிரியராச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களும்தான்."

டம்ளர்ல டீ ஆறி மேல ஆடை கட்டிடுச்சு. ஹஜ்ரத் அதை எடுத்து வெளியில கால்வாயில ஊத்திட்டு, டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சாரு.

கிளிட்டஸ் விடல. அவருக்கு அந்தச் சாவிதான் கண்ணுல உறுத்திக்கிட்டிருந்துச்சு.

"என் கேள்விக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல ஹஜ்ரத். ஏசு யாரு, ஈசா நபி யாருன்னு அலசினோம். கடவுள் மூணா ஒண்ணான்னு கூட சண்டை வராம முடிச்சோம். ஆறு மாசம். மாசம் தவறாமப் பேசினோமே."

ஹஜ்ரத் ஈரக் கையைத் துண்டுல துடைச்சாரு. சாவியை எடுத்துக் கிளிட்டஸ் சட்டைப் பையில அவரே போட்டாரு.

"நாம எப்பப் பேசினோம்?"

கிளிட்டஸ் வெளியில வந்தாரு. சந்துக் கதவு பூட்டித்தான் கிடந்துச்சு. ரோட்டு முனையில அம்மா ஐஸ் பெட்டியோட ஒரு காலை இழுத்து இழுத்துத் திரும்பிக்கிட்டிருந்தாங்க.

நீங்களும் யாரு வீட்டுலயாவது வேண்டாத டீயைச் சிரிச்சுக்கிட்டே குடிச்சிருக்கீங்களா?