தெற்கு வீட்டுக் கண்

சாத்தூரில் ஒரு தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். வடக்கு வீட்டில் ஜெயக்கொடி, தெற்கு வீட்டில் செல்வராணி. செல்வராணி மிக்ஸி வாங்கினால் ஜெயக்கொடி வீட்டுக்குக் கிரைண்டர் வந்துவிடும். அப்படி ஒரு மனசு அவளுக்கு.

போன வருஷம் செல்வராணி கடன் வாங்கி மொட்டைமாடியில் சோலார் தகடுகள் போட்டாள். மானியமும் வந்தது, கரண்ட் பில்லும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதைக்கூட ஜெயக்கொடி பொறுத்திருப்பாள். தகடு மாட்டிய கம்பெனியிலேயே செல்வராணியின் மகள் மாரிச்செல்வி பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பயிற்சிக்கு முதலில் கூப்பிட்டது ஜெயக்கொடியின் மகன் கதிரேசனைத்தான். டிப்ளமோ படித்த பிள்ளை மாடி மாடியாக ஏறுவதா என்று தடுத்தவள் அவளேதான்.

நகையை அடகு வைத்து அவளும் போட்டாள். அதே தகடு, அதே எண்ணிக்கை, பொருத்தியவளும் மாரிச்செல்விதான். முதல் பில் நன்றாக இறங்கியது. இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. தன்னைப்போலத்தானே மற்றவர்களும் வயிறெரிவார்கள்? வைக்கோல் திணித்து, கணவரின் பழைய சட்டை மாட்டி, இரண்டு கையும் விரித்த ஆளுயரத் திருஷ்டி பொம்மை ஒன்று செய்தாள். செல்வராணி வீட்டைப் பார்த்தபடி, தகடுகளை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் அதைக் கட்டி நிறுத்தினாள்.

தை மாதத்து பில் எகிறியது. செல்வராணிக்கு எப்போதும்போல ஒன்றுமில்லை. ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாரிச்செல்வி வேண்டுமென்றே வயரை மாற்றிவிட்டாள் என்று கம்பெனியில் போய்ப் புகார் சொன்னாள். உண்மையென்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி. அந்தச் சம்பளத்தில்தான் செல்வராணி கடனைக் கட்டுகிறாள் என்பது ஜெயக்கொடிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் முதலாளி மாடியேறிப் பார்த்தார். வயர் சரியாக இருந்தது, மீட்டரும் சரி. தினமும் துடைப்பதால் தகடுகளில் தூசியும் இல்லை. படிக்கட்டு ஓரமாக நின்ற மாரிச்செல்வி முன்னால் வந்தாள்.

"பெரியம்மா, உங்க வீட்டுக்குப் போயி நான் அப்படிச் செய்வேனா?"

ஜெயக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப உங்கம்மா கண்ணுதான்" என்றாள்.

முதலாளி தகடுகளை இன்னொரு முறை பார்த்தார். சிரித்துவிட்டார்.

வயரில் குறையில்லை, மீட்டரில் குறையில்லை. அப்படியானால் ஜெயக்கொடி வீட்டுக் கரண்டைத் தின்றது யார்?

விடை: அவள் நிறுத்திய பொம்மைதான். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குச் சுவரில் கைவிரித்து நின்ற பொம்மையின் நிழல் பகலெல்லாம் அவள் தகடுகள்மேலேயே கிடந்தது. ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் அதோடு சேர்த்துக் கோத்த மற்றவையும் சோர்ந்துவிடும். பொம்மையை மாரிச்செல்வியே அவிழ்த்து இறக்கினாள். வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, இந்தத் தடவை கதிரேசன் அம்மாவைக் கேட்காமலே சேர்ந்துவிட்டான், மாரிச்செல்விக்கு உதவியாளாக. பில் மறுபடி இறங்கிவிட்டது. ஜெயக்கொடியின் வயிற்றெரிச்சல்தான் இறங்கவில்லை.