எமிலியாக்காவின்ர பாரைமீனும் சூடாகக்கூடாத பற்றறியும்

கூழைத்தீவாரைப் பற்றி நான் சொன்னா பொய் எண்டுதான் சொல்லுவியள். சொல்லுங்கோ. ஒருக்கா வள்ளம் ஏறிப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. போகேக்கை ரோச்லைற் கொண்டு போங்கோ.

அது கரண்ட் கம்பி எட்டாத தீவு. பிடிச்ச மீனை அண்டே சமைக்கவேணும், இல்லாட்டிக் கருவாடு. உதைக் கேள்விப்பட்டு பட்டினத்திலயிருந்து ஒரு ஐயா வந்தார். சோலர் தகடு, பற்றறி, பெரிய ஐஸ்பெட்டி எல்லாத்தையும் மீன்பிடிச் சங்கக் கட்டிடத்தில பொருத்தினார். ரிபன் வெட்டினார். படம் எடுத்தார். பிறகும் படம் எடுத்தார். விளக்கம் சொல்லத்தான் நேரமில்லை. ஒரு கால் கரையில, ஒரு கால் வள்ளத்தில வைச்சுக்கொண்டு சொன்னார்:

"தகட்டில நிழல் விழக்கூடாது. பற்றறி சூடாகக்கூடாது, குளிர்ச்சியான இடத்தில இருக்கவேணும். விளங்கிச்சோ?"

"ஓமையா," எண்டிச்சினம் எல்லாரும். விளங்காட்டியும் அங்கை ஓமையாதான்.

ஐஸ்பெட்டிக்குள்ள முதல் குடிபோனது எமிலியாக்காவின்ர பாரைமீன். அவவின்ர மகள் நிர்மலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை பக்கத்துத் தீவு. "பந்தியில பச்சைமீன் இல்லாட்டி மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எழும்பிப் போயிடுவம்" எண்டு மாப்பிள்ளையின்ர தகப்பன் வஸ்தியாம்பிள்ளை முன்னமே சொல்லிப்போட்டார். காத்தும் எழும்பி வலை போடேலாமல் போச்சு. பெட்டிக்குள்ள கிடந்த மீன்தான் கலியாணம்.

சங்கத் தலைவர் செபமாலை கூட்டம் வைச்சார். செயலாளர் மடுத்தீன் ஆள் கொஞ்சம் பாரம், ரெண்டு கதிரையில இருந்தார்.

"நிழல் விழுத்திற வேப்பமரத்தைத் தறிக்கவேணும்," எண்டார் செபமாலை.

"அது காலமையே தறிச்சாச்சு, தலைவர். மேகத்துக்கு என்ன செய்யிறது?"

செபமாலை கனநேரம் யோசிச்சார். "மேகத்துக்குக் கண்டனம் தெரிவிப்பம்."

ஏகமனதா நிறைவேறிச்சு. அந்தச் சங்கம் முந்தித் தெரிவிச்ச கண்டனங்களும் உந்தளவு பலன் தந்ததுதான்.

வேம்பு போனதோட கட்டிடம் போறணை அடுப்பு மாதிரிக் கொதிச்சுது. செபமாலை பற்றறியைத் தொட்டுப் பாத்தார்.

"மடுத்தீன், சுடுகுது."

"குளிர்ச்சியான இடமெண்டா இந்தத் தீவில ஒண்டுதான் இருக்கு, தலைவர்."

ரெண்டு பேரும் ஐஸ்பெட்டியைப் பாத்திச்சினம்.

மீனை இறக்கி, பற்றறியை ஏத்தியாச்சு. வயர் வெளியில வந்ததால மூடி இறுகேல்லை. மடுத்தீன் ஏறி மேல இருந்தார். இறுகிச்சு.

எமிலியாக்கா கேள்விப்பட்டு ஓடி வந்தா. "எட செபமாலை, என்ர மீன் எங்கையடா?"

"பதறாதேங்கோ அக்கா. பற்றறி பழுதானா பெட்டி குளிராது. பெட்டி குளிராட்டி உங்கட மீன் நாறிப்போகும். மீனைக் காப்பாத்தத்தான் மீனை வெளியில எடுத்தனாங்கள்."

"எடுத்து எங்கை வைச்சனீங்கள்?"

"மண்ணில வைப்பமோ அக்கா? சுத்தமான இடம் பாத்து, தகட்டுக்கு மேல பரவி வைச்சிருக்கிறம்."

"உதில நிழல் விழக்கூடாதெண்டு அந்தாள் சொல்லிப்போட்டுப் போனதெல்லே?"

மூடிக்கு மேலயிருந்து மடுத்தீன் சொன்னார்: "நிழல் விழக்கூடாதெண்டுதான் சொன்னவர். மீன் விழக்கூடாதெண்டு சொல்லேல்லை."

மீன் மூடின தகட்டில வெயில் படேல்லை. பற்றறியில சார்ஜ் இறங்கி, ஐஸ்பெட்டி நிண்டுபோச்சு. திறந்து பாத்தா சூடு உள்ளுக்கை போயிடுமெண்டு மடுத்தீன் எழும்பேல்லை. சாப்பாடும் அங்கை, நித்திரையும் அங்கை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில தாலி ஏறி, பந்தி வைச்சாச்சு. வஸ்தியாம்பிள்ளை ஒரு துண்டை எடுத்துக் கடிச்சார். பிறகு வெளியில எடுத்துப் பாத்தார்.

"சம்பந்தியம்மா, இது கருவாடெல்லே?"

வஸ்தியாம்பிள்ளை எழும்பினார். பந்தி முழுக்க எழும்பிச்சு. மாப்பிள்ளையும் பாதி எழும்பி நிண்டு தகப்பனைப் பாத்தான். நிர்மலா அவன்ர சட்டையைப் பிடிச்சு இழுத்து இருத்தினாள்.

"என்னைக் கேளாதேங்கோ, இவங்களைக் கேளுங்கோ," எண்டு எமிலியாக்கா சம்பந்தியைச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. நாலு பேர் பிடிச்சு மடுத்தீனை இறக்கிச்சினம். மூடியைத் திறந்தால் உள்ளுக்கை வேர்த்துக்கொண்டு பற்றறி கிடக்குது.

வஸ்தியாம்பிள்ளை பாத்தார். குனிஞ்சு தொட்டுப் பாத்தார். முகம் மெல்ல மெல்ல இளகிச்சு.

"எங்களுக்கும் போன மாசம் ஒண்டு தந்தவை," எண்டார். "அதே ஐயா, அதே கதை. நாங்கள் குளிர்ச்சியான இடமெண்டு கிணத்துக்கை இறக்கினனாங்கள்."

"பற்றறி எப்பிடி?" எண்டார் செபமாலை.

"பற்றறிக்கு ஒரு குறையுமில்லை. தண்ணி அள்ளப் போறவைதான் கரண்ட் அடிச்சுத் துள்ளித் துள்ளி வருகினம். உந்த ஐஸ்பெட்டி யோசனை எங்களுக்கு ஓடேல்லையே. மூளையெண்டா இது."

திரும்பிப் போய்ப் பந்தியில இருந்தார். கருவாட்டில ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினார். எமிலியாக்காவுக்கு அப்பத்தான் மூச்சு வந்திச்சு.

வெளிக்கிடேக்கை வள்ளத்தடியில நிண்டு, "சம்பந்தியம்மா, சீதனம் ஒண்டும் வேண்டாம். மடுத்தீனை மட்டும் எங்களோட அனுப்பி வையுங்கோ," எண்டார்.

"அவர் எதுக்கு?"

"எங்கட கிணத்துக்கு மூடியில்லை."