அமைச்சர் தூங்கிய ஒன்பது நாள்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை வச்சிரபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது சும்மா மரியாதைக்கு. காலையில் ஒரு பாட்டு எழுதுவான், மாலையில் அதைச் சபையில் பாடுவான். மற்றபடி நாடு முழுதும் அமைச்சர் குன்றுடையார் தலையில்தான். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. "ஓய்வு கொடுங்கள் மகாராஜா" என்று மூன்று தடவை கேட்டும் பலிக்கவில்லை. அலுத்துப்போய், சபையில் தூணோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "கிழவர் தூங்குகிறார்" என்று எல்லாரும் அவரை மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று பள்ளிக்கூடங்களின் ஞாபகம் வந்தது. அவை எப்படி நடக்கின்றன என்று பார்த்துவர ஏகாம்பர ராயரை அனுப்பினான். ராயருக்கு அமைச்சர் பதவிமேல் வெகுநாளாய் ஒரு கண். அவர் பல்லக்கில் ஏறினார். முன்னால் முரசு போனது. முரசுச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே ஒவ்வொரு பள்ளியிலும் தரையை மெழுகிக் கோலம் போட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். ராயர் பதினோரு பள்ளி பார்த்தார், பதினொன்றும் பிரமாதம்.

பன்னிரண்டாவது, உப்பளத்தில் பாடுபடுகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. "ஏழொன்பது எவ்வளவு?" என்று ராயர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வாத்தியார் கூத்தப்பெருமாளும் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"ஊமைப் பள்ளி மகாராஜா! இடித்துவிட்டு உப்புக் கிடங்கு கட்டலாம்" என்றார் ராயர், சபைக்குத் திரும்பியதும். கிடங்குக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது தன் மைத்துனர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இடித்துவிடுங்கள்" என்றான் ராஜா.

தூணோரத்தில் கண் திறந்தது. "இடிக்க ஒருநாள் போதும் மகாராஜா. அதற்குமுன் நான் ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேனே."

"நீரா? அங்கே போயும் தூங்குவீர்!"

"ஆமாம், அதற்குத்தான் போகிறேன்" என்றார் குன்றுடையார்.

முரசு இல்லை, பல்லக்கு இல்லை. மாட்டுவண்டியில் போய், வாத்தியாரிடம் ஒரு கும்பிடு போட்டு, பள்ளியின் பின்சுவரோரம் சாய்ந்துகொண்டார். முதல் நாள் பிள்ளைகள் பாடத்தை விட்டு அவரையே பார்த்தார்கள். "யாரு இந்தத் தாத்தா? உசுரு இருக்கா?" என்று ஒரு பெண் அவர் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை, எதையும் திருத்தவில்லை. ஈ மொய்த்தது, முழங்கால் கடுத்தது. இந்த வயதில் எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று மனசுக்குள் நொந்துகொண்டார். நாலாம் நாள் அவர் கைத்தடியில் ஒருவன் தன் பையை மாட்டினான். அப்பாடா, இனி நான் சுவரில் அடித்த ஒரு ஆணி, என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் பார்க்கவேண்டியதைப் பார்த்தார்.

பத்தாம் நாள் அவர் சபைக்கு வந்தபோது ராயர் தயாராக இருந்தார். "ஒன்பது நாளும் இவர் கண்ணைத் திறக்கவில்லை! வண்டிக்காரனே சாட்சி!"

ராஜாவுக்குக் கோபம். "என்ன ஐயா பார்த்தீர்?"

"அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு மகாராஜா. கேள்வி கேட்டால், கடைசியாய்ச் சேர்ந்த பிள்ளைதான் முதலில் பதில் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் அது வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அது திணறினால் பக்கத்தில் இருப்பவன் புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணக் காட்டுவான், விடையைச் சொல்லமாட்டான். ராயர் போன அன்றைக்கு முந்தின நாள்தான் பொன்னி என்று ஒரு குழந்தை சேர்ந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ராயர்தான் காத்திருக்கவில்லை."

"கட்டுக்கதை!" என்றார் ராயர். "தூங்கினவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"இங்கே தூங்குகிற மாதிரிதான் அங்கேயும் தூங்கினேன்" என்றார் குன்றுடையார். "இங்கே பார்த்ததையும் சொல்லட்டுமா? மகாராஜா பாடும்போது ராயர் உருகி அழுகிறார். எல்லாரும் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். இவர் முதலில் துடைக்கிறார், அப்புறம்தான் அழுகை வருகிறது. நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். இவர் மேல்துண்டு முனையில் இருக்கிற முடிச்சை அவிழ்க்கச் சொல்லுங்கள்."

அவிழ்த்தார்கள். உருண்டு வந்து சிம்மாசனத்தின் அடியில் நின்றது அரை வெங்காயம்.

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. "மூன்று வருஷமா? ஏன் ஐயா சொல்லவில்லை?"

"நான் தூங்குகிறேனா என்றுதான் கேட்டீர்கள் மகாராஜா. என்ன பார்த்தேன் என்று இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள்."

ராஜா வெகுநேரம் வெங்காயத்தையே பார்த்தான். பிறகு, பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும் என்றான். வாத்தியாருக்குப் பட்டும் பொன்னும் அனுப்பினான். ராயரை நாற்பது நாள் அந்தப் பள்ளியில் போய்ப் படித்துவரச் சொன்னான். வழக்கம் வழக்கம்தானே? கடைசியாய்ச் சேர்ந்தவர் இப்போது ராயர். வாத்தியார், "ஏழொன்பது எவ்வளவு?" என்று கேட்டார். ராயர் விழித்தார். நாற்பது பிள்ளைகள் பேசாமல் காத்திருந்தார்கள். பொன்னி தன் புளியங்கொட்டைகளை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

இங்கே சபையில் வேறு கூத்து. குன்றுடையார் தூணோரம் கண்ணை மூடினால் போதும், எல்லாரும் முதுகை நிமிர்த்தி உத்தமர்களாகிவிடுவார்கள். ஒருவரும் கொட்டாவிகூட விடவில்லை. ஒரு வாரம் பார்த்த ராஜா சலித்துக்கொண்டான். "நீர் தூங்கவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி உம்மை இங்கே வைத்து எனக்கு என்ன பிரயோஜனம்?"

"அதைத்தான் நாலாம் தடவையாகக் கேட்கிறேன் மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான், ஓய்வும் கொடுத்தான்.

குன்றுடையார் அரண்மனை வாசலில் வண்டி ஏறினார். வீட்டுக்கா என்று வண்டிக்காரன் கேட்டான். "உப்பளத்துப் பள்ளிக்கு ஓட்டப்பா" என்றார். பழைய சுவரோரம் போய்ச் சாய்ந்தார். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ ஒருவன் கைத்தடியில் பையை மாட்டினான். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிஜமாகவே தூங்கினார்.