மயில் வாய் மூடிய நேரம்

காட்டாற்றங்கரை நெடுக மரங்கள். அங்கே வாழ்ந்த குரங்கு, அணில், மைனா எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சேதியானாலும் அடுத்த மரத்துக்குக் கேட்கும் அளவுக்கே சொல்லும். அது அதற்கடுத்த மரத்துக்குச் சொல்லும். மேல்கரையில் அத்திப்பழச் சேதி போகும்போதே கீழ்க்கரையில் பாம்புச் சேதியும் போகும். ஒன்றையொன்று இடிக்காது.

நடுக்கரைக்குப் புதிதாக வந்த மயில் சித்திரனுக்கு இது பிடிக்கவில்லை. "இத்தனை வாய் எதுக்கு? என் ஒரு குரலே அந்தக் கோடிவரைக்கும் போகுமே!" என்று அகவியது. அந்தச் சத்தத்தில் தன் பேச்சு எடுபடாமல் மைனா கத்தியது. மைனாவை மிஞ்சக் குரங்கு கத்தியது. கரையே சந்தைக்கடை ஆயிற்று!

ஒருநாள் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. உச்சி மரத்து மந்தி எட்டிப் பார்த்தது. செந்நிற வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு இறங்கியது. கீழே, வறண்ட ஆற்றுமணலில் மான் செவந்தி தன் குட்டியோடு படுத்திருந்தது. குட்டிக்கு இன்னும் சரியாகக் காலூன்ற வரவில்லை.

"வெள்ளம்! செவந்தி, கரையேறு!" என்று மந்தி அலறியது.

மயில் அகவியது. மைனாக்கள் கத்தின. கீழே மணலில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. வெள்ளத்தின் இரைச்சலும் அதில் மறைந்துபோனது.

செவந்தி காதை விடைத்தது. "தினமும் இதே கூச்சல்தான். நீ தூங்கு கண்ணு" என்று குட்டியை நக்கிக் கொடுத்தது.

அணில் மயிலிடம் பாய்ந்தோடியது. "அண்ணே, வாயை மூடுங்க!"

"நான் கத்தலைன்னா குட்டி செத்துடுமே!"

"நீங்க கத்துறதாலதான் சாகப்போகுது!"

மயிலுக்குச் சுருக்கென்றது. தொண்டைவரை வந்த குரலை விழுங்கிக்கொண்டது. மிஞ்சுவதற்கு ஆள் இல்லாததால் மைனாக்களும் குரங்குகளும் அடங்கின.

அணில் பக்கத்து மரத்துக்கு மெல்லச் சொன்னது: "வெள்ளம் வருது. செவந்தியைக் கரையேறச் சொல்லு." ஒரு மரம் பேசும்போது பக்கத்து மரங்கள் மூச்சு விடவில்லை. சொல் மரம் மரமாக ஓடியது. வெள்ளமும் பின்னாலேயே ஓடிவந்தது.

கடைசி மரத்துக் குருவி செவந்தியின் காதருகே பறந்துபோய்ச் சொன்னது. செவந்தி துள்ளி எழுந்தது. குட்டியை முட்டி முட்டிக் கரையேற்றியது. அடுத்த நொடி, படுத்திருந்த மணலையே வெள்ளம் வாரிக்கொண்டு போனது. குட்டியின் வால் மட்டும் நனைந்திருந்தது.

மறுநாள் காலை, "அத்தி பழுத்திருக்கு" என்று மயில் அடுத்த மரத்துக்கு மட்டும் சொன்னது. அந்தத் தொண்டைக்கு அது பெரிய பாடுதான்!

ஊருக்கே கேட்க எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் யார் காதிலும் விழாது. பக்கத்துக் காதில் பக்குவமாகப் போட்ட சொல்தான் ஊர் கடந்தும் போய்ச் சேரும்.