சொரிமுத்துவின் முடிச்சு

கோணமடை ஊர்க்காரர்களுக்கு ஞாபகமறதி பரம்பரைச் சொத்து. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு: மறக்கக் கூடாத விஷயத்துக்குத் துண்டில் ஒரு முடிச்சு. ஞாபகம் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், அதற்கு முன் அவிழ்க்கவே கூடாது.

சொரிமுத்துவுக்கு அன்று கல்யாணம். பெண் பார்த்த நாளிலிருந்தே அவன் உலகம்மாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தான். காய்ச்சலில் கிடந்த ஆத்தா அவன் துண்டு முனையில் தாலியை வைத்து முடிந்தாள். "முடிச்சைப் பாத்தா தாலி ஞாபகம் வரணும்ல. முகூர்த்தம் தப்புனா பொண்ணு கெடையாதுன்னு சம்பந்தி சொல்லிட்டாரு" என்று அனுப்பினாள்.

துணைக்குத் தாய்மாமன் உச்சிமாகாளியும் கூட்டாளி பேச்சிமுத்துவும். ஆற்றைக் கடந்து கரையேறியதும் முடிச்சு சொரிமுத்து கண்ணில் பட்டது.

"மாமா, இது எதுக்குப் போட்டது?"

மாமன் தடவிப் பார்த்தார். "உள்ள என்னமோ கெட்டியா இருக்கு. பெரிய விசயமாத்தான் இருக்கும், மருமவனே."

"அவுத்துப் பாத்துருவமா?" என்றான் பேச்சிமுத்து.

"கூறுகெட்ட பயலே! ஞாபகம் வராம முடிச்சை அவுக்கலாமால?"

நியாயம்தானே!

"அக்கரையில ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டார் மாமன்.

"இருந்துச்சு மாமா."

"இக்கரையில இல்ல. அப்போ ஆத்துலதான் விழுந்திருக்கு. தேடுனா மீட்டுறலாம்."

மூவரும் முங்கி முங்கித் தேடினார்கள். பேச்சிமுத்து ஒரு கெளுத்தியைப் பிடித்து வந்தான். சொரிமுத்து அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "இது இல்லல. இதைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை."

அப்போது தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. "ஐயையோ, எங் கல்யாணம்!" விழுந்தடித்து ஓடி, ஈரம் சொட்டச் சொட்ட மணையில் போய் உட்கார்ந்தான். பெண்ணின் அப்பா முறைத்தார்.

"நேரம் ஆச்சு. தாலி எங்கே?" என்றார் ஐயர்.

"தாலி! அதான், அதேதான்!" துள்ளிக் குதித்து முடிச்சை அவிழ்த்தான். தாலி உருண்டு விழுந்தது. ஞாபகம் வந்த கையோடு பொருளும் வந்துவிட்டதே என்று மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கெட்டிமேளம் முழங்கியது. உலகம்மாள் கழுத்தில் மூன்று முடிச்சும் விழுந்தது. மாமன் குனிந்து பார்த்தார்.

"மருமவனே, இது எதுக்கு மூணு முடிச்சு?"

சொரிமுத்து பெண்ணைப் பார்த்தான். சந்தோஷம் தாங்கவில்லை. "உலகம்மா எம் பொஞ்சாதிங்கிறதை மறக்காம இருக்க, மாமா!"

"ஞாபகம் வந்துட்டுல்லா? அப்ப அவுத்துரு."

முறை முறைதானே. சொரிமுத்து கையை நீட்டினான். பந்தலே பதறி எழுந்தது. உலகம்மாள் மட்டும் வெடுக்கென்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"முடிச்சு எங் கழுத்துலல்லா கெடக்கு? எனக்கு ஞாபகம் வரட்டும், பொறுங்க!"

அதுவும் சரிதான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் விடிந்ததும் சொரிமுத்து, "வந்துச்சா?" என்று கேட்கிறான்.

"இன்னும் வரலைங்க" என்கிறாள் உலகம்மாள்.