உப்பு வண்டியும் ஒச்சப்பன் அரிவாளும்

முன்னொரு காலத்தில் காரைமலை நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அது என்ன காலம்! சாலையில் உப்பு வண்டிகள் சாரிசாரியாகப் போகும். மாட்டுமணிச் சத்தம் கேட்டுக்கொண்டே ஊர் தூங்கும். நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ராஜா மட்டும் கொஞ்சம் அவசரக்காரர். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாப்பிட்டு எழுந்ததும் இன்னொன்று போடுவார்.

ஒருநாள் சுங்கச்சாவடியில் யார் வண்டி முதலில் போவது என்று இரண்டு வண்டிக்காரர்களுக்குள் தகராறு. ஒருவன் அரிவாளை ஓங்க, நடுவில் போன சுங்கக்காரரின் தலைப்பாகை கிழிந்தது. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனி கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் எவனும் சொந்த ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. மீறினால் மாடு பறிமுதல்!"

"அருமையான சட்டம் மகாராஜா! வண்டிக்கொரு வீரனை நான் அனுப்புகிறேன்" என்றான் தளபதி குமணராயன். மந்திரி திருமேனிக்கு முன்னால் பேர் வாங்க வேண்டுமென்று அவனுக்கு நெடுநாள் ஆசை.

முதலில் அகப்பட்டவன் ஒச்சப்பன். வைக்கோலுக்கடியில் அரிவாள் இருந்தது. அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அரசவைக்கு ஓடிவந்து அழுதான்.

"கன்னுக்குட்டியிலேருந்து நான் வளர்த்த மாடுங்க ராசா. கணவாயில கள்ளன் வந்தா நான் என்ன, மாட்டுமணியையா ஆட்டிக் காட்டுவேன்?"

"அதற்குத்தான் என் வீரர்கள் இருக்கிறார்களே!" என்று சீறினான் தளபதி.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, இன்றிரவு உப்பு வண்டிகள் துறைமுகம் போகின்றன. தளபதியே காவலுக்குப் போகட்டும். ஆயுதமே இல்லாமல் அத்தனை வண்டியையும் ஒரே ஆளை விட்டுக் கடத்திக் காட்டுகிறேன். காட்டினால் ஒச்சப்பனுக்கு மாட்டைத் திருப்பித் தர வேண்டும்."

தளபதி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படி நடந்தால் என் வாளை இந்த வண்டிக்காரன் காலடியில் வைக்கிறேன்!"

மறுநாள் விடியற்காலையில் மந்திரி ராஜாவைக் கோட்டை வாசலுக்கு அழைத்து வந்தார். தூரத்தில் மணிச் சத்தம். உப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வண்டிக்காரர்களும் வீரர்களும் நல்ல குறட்டை. முதல் வண்டியிலிருந்து தளபதி கண்ணைக் கசக்கிக்கொண்டே குதித்தான்.

"துறைமுகம் வந்தாயிற்றா? யாரங்கே, துறைமுகத் தலைவனைக் கூப்பிடு!"

"எதற்குக் கூப்பிட வேண்டும்? ராஜாவே நேரில் வந்திருக்கிறேனே!" என்றார் வேங்கைமாறன்.

மந்திரி விளக்கினார். "கையில் அரிவாள் இருந்தவரை வண்டிக்காரர்கள் முறைபோட்டு விழித்திருந்தார்கள். நேற்று, வீரன் இருக்கிறான் என்று வண்டிக்காரன் தூங்கிவிட்டான். வண்டிக்காரன் விழித்திருப்பான் என்று வீரனும் தூங்கிவிட்டான். முன்வண்டி போகிற வழியில்தான் பின்வண்டி மாடுகள் போகும். ஒச்சப்பன் தளபதியின் வண்டி மாட்டை மெல்லத் தட்டித் திருப்பிவிட்டான், அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் சற்று வாடியது. "கிழிந்த தலைப்பாகைக்கு என்ன பதில், மந்திரி?"

"சாவடிக்குள்ளும் ஊருக்குள்ளும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். காட்டுவழியில் வைத்துக்கொள்ளட்டும். சண்டையில் ஓங்கியவனுக்கு மட்டும் மறுபடி கிடையாது."

"சரி, அதுவே சட்டம். குமணராயா, சொன்ன சொல் என்னாயிற்று?"

தளபதி தலையைக் குனிந்தபடி, பொன்பிடி போட்ட வாளை, வண்டியோரம் நின்றிருந்த ஒச்சப்பன் காலடியில் வைத்தான். ஒச்சப்பன் பதறிப் பின்வாங்கினான்.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன சாமி பண்றது? என் அரிவாளைக் குடுக்கச் சொல்லுங்க. மாடு ரெண்டும் நேத்துலேருந்து பட்டினி, போற வழியில புல்லறுத்துப் போடணும்."

ராஜாவே உள்ளே போய் அந்த அரிவாளைத் தேடி எடுத்து வந்து, அவன் கையில் கொடுத்தார்.