செல்லத்தாய்க்குச் செய்த விளக்கு

டிவி ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு, ஐம்பது வயதில் சர்க்யூட் வரையக் கற்றுக்கொள்ள வந்தவர் முத்துமாலை. கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுத்த அமலோற்பவம் டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வந்த வேகத்தில் முத்துமாலை தானே ஒரு போர்டு வரைந்து, விளக்கும் செய்துவிட்டார். தொட்டிலில் பிள்ளை அழுதால் பளிச்சென்று எரியும் விளக்கு. அதே தெருவில் கைப்பிள்ளையோடு இருந்த, காது கேளாத செல்லத்தாய்க்காகச் செய்தது.

அந்த விளக்கைத்தான் அவள் புருஷன் இசக்கி இப்போது டீச்சரின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான்.

"எரியல அண்ணாச்சி. புள்ள கை தொட்டில் கயித்துல சிக்கி வீல்வீல்னு கத்தியிருக்கு. இவ பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கா. அடுத்த வீட்டு மதினி மட்டும் ஓடி வரலன்னா..."

"கை எப்படிய்யா இருக்கு?"

"வீக்கம் வடிஞ்சிரும்னுட்டாரு டாக்டரு. இவதான் தூங்க மாட்டேங்கா. புள்ள வயித்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்தே கெடக்கா."

திட்டியிருந்தாலாவது தேவலை. திட்டாமல் போய்விட்டான்.

டீச்சர் முத்துமாலை வரைந்த படத்தைத் திறந்தார். தப்பு இருந்தால் எழுதிக் காட்டும் மெசேஜ் விண்டோ படத்துக்கு அடியில் மூடிக் கிடந்தது. அதையும் திறந்தார். வரிகள் மளமளவென்று வந்து விழுந்தன. நடுவில் ஒரு வரியைத் தட்டினார். படம் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. ஐசி என்ற சின்னச் சில்லின் ஒரு கால். அதை நோக்கி வந்த ஒயர், தொடாமல் மயிரிழை முன்னாலேயே நின்றிருந்தது.

"சோதிச்சப்போ எரிஞ்சுதே டீச்சர்!"

"அந்தரத்துல நிக்கிற கால் அண்ணாச்சி. நெனச்சா வேலை செய்யும், நெனச்சா செய்யாது. இந்த விண்டோவைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். எழுத்து மேல எழுத்து ஏறியிருக்குன்னு ஒண்ணு, பேர் வைக்கலன்னு ஒண்ணு. சும்மா சும்மா கத்திக்கிட்டே கெடந்துது. மூடிட்டேன்."

சொன்ன பிறகுதான் 'கத்திக்கிட்டே' என்ற வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. தலை குனிந்துகொண்டார்.

"சும்மா கத்துறது எது, நெசமாக் கத்துறது எதுன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

"இந்தக் காலுக்கு ஒரு ஒயரை ஈயம் வச்சுப் பத்தவச்சு, விளக்கைக் கொண்டுபோங்க. செல்லத்தாய்கிட்டயே கேளுங்க."

போனார். விளக்கைத் தொட்டிலருகே வைத்தார். செல்லத்தாயின் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இசக்கி கைச்சாடையில் கேள்வியைக் கேட்டான். அவள் முத்துமாலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு கையைப் பிள்ளை வயிற்றிலிருந்து எடுக்காமலே மறுகை விரல்களை அசைத்தாள்.

"எந்திரிச்சுப் போய்ப் பார்த்தாத்தான் தெரியுமாம்" என்றான் இசக்கி. "இதெல்லாம் ஒரு கேள்வியான்னு கேக்கா."

அந்நேரம் பிள்ளை சிணுங்கியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பாரு தாயி, பாரு!" என்று முத்துமாலை கையை நீட்டிக் காட்டினார். அவள் திரும்பவே இல்லை. பிள்ளை வயிற்றில் வைத்த கைக்கு முன்பே தெரிந்துவிட்டது. குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு விளக்கை எடுத்து, கோபமில்லாமல், அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பதில் கெடச்சுதா அண்ணாச்சி?" என்று திரும்பி வந்தவரிடம் கேட்டார் டீச்சர்.

"கெடச்சுது."

"விளக்கு?"

பையிலிருந்து எடுத்து வைத்தார். "நல்லாத்தான் எரியுது டீச்சர். அவ திரும்பிக்கூடப் பார்க்கல. இனி எப்பத்தான் அந்தப் பொண்ணு கண்ணசரும்?"

டீச்சர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மெசேஜ் விண்டோவில் மிச்ச வரிகள் அப்படியே நின்றன.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஒவ்வொரு வரியாப் போய்ப் பாருங்க. அவ கண்ணசர்ற வரைக்கும் நீங்க இதை மூடாதீங்க."